இசைத்தட்டும் அதன் பொறியும்: பேணற்கலை பற்றிய ஒரு பாடம்

எழுத்தைப் பேணும் வழியை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். பனையோலையைப் பதப்படுத்தி, எழுத்தாணியாற் கீறி, கரி பூசி எழுத்தைத் துலக்கினர். செல்லும் பூச்சியும் அரியாவண்ணம் காத்தனர். ஓலை நைந்தவிடத்துப் புதிய ஓலையிற் படியெடுத்தனர். இவ்வாறே தொல்காப்பியமும் சிலப்பதிகாரமும் நம் கைக்கு வந்தன. ஆனால், ஒலியைப் பேணும் வழி அவர்க்குக் கிட்டவில்லை. பாணர் மீட்டிய யாழின் பெயர்களை நாம் அறிவோம். அதன் உறுப்புக்களை உரையாசிரியர் கூற்றால் ஓரளவு அறிவோம். அதன் இசையைக் கேட்டார் எவருமிலர்.

இக்குறை நீங்கிய காலம் மிக அண்மையது. ஒலியும் ஓர் எழுத்தாணியைப் பிடித்துத் தன்னைத்தானே எழுதி, எழுதியதைத் திரும்ப ஒலிக்கவும் கற்றது 1877ஆம் ஆண்டிலேயாம். அவ்வெழுத்தை மீட்டும் படிக்கும் கருவியே இசைத்தட்டுப் பொறி. நம் ஊர்களில் அதனைப் பாட்டுப்பெட்டி என்றும், கிராமபோன் என்றும், பிற்காலத்தில் றெக்கோட் பிளேயர் என்றும் வழங்கினர். இன்று அது பல வீடுகளின் பின்னறைகளிற் பழைய இரும்போடு இரும்பாய்க் கிடக்கின்றது. அதனை எவ்வாறு இனங்காண்பது, எவ்வாறு புதுக்குவது, ஏன் புதுக்கவேண்டும் என்பனவற்றை மாணவர்க்கும் பழைய மாணவர்க்கும் பாடமாக எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒலி எழுதிய ஏடு

அமெரிக்க அறிஞர் தோமஸ் அல்வா எடிசன் 1877இல் அமைத்த கருவியில், தகரத்தாள் சுற்றிய உருளையின்மீது ஊசியொன்று ஒலியின் அதிர்வைப் பள்ளமாகப் பதித்தது. உருளையைப் படியெடுத்துப் பெருக்குதல் அரிதாயிற்று. ஜெர்மனியிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய எமில் பேர்லினர் 1887இல் உருளையை விடுத்துத் தட்டையான வட்டத்தட்டைக் கைக்கொண்டார். ஒரு மூலத்தட்டிலிருந்து அச்செடுத்து ஆயிரக்கணக்கான படிகளை அழுத்தியெடுத்தல் இதனாற் கைகூடிற்று. ஏட்டுப்பிரதியிலிருந்து அச்சுப்புத்தகத்துக்கு வந்த மாற்றம் எத்தகையதோ, அத்தகையதே இம்மாற்றமும்.

இத்தட்டு எதனாற் செய்யப்பட்டது என அறிந்தால் நம்மவர் வியப்பர். பழைய 78 சுற்றுத் தட்டின் உயிர்ப்பொருள் அரக்கு. இந்தியாவின் காடுகளில் மரக்கிளைகளில் வாழும் சிறு பூச்சிகள் சுரக்கும் அரக்கோடு, கற்பொடியும் கரியும் பிறவும் கலந்து, சூட்டில் அழுத்தியே உலகெங்கும் இசைத்தட்டுகள் வார்க்கப்பட்டன. இலண்டனிற் பாடியவரின் குரலையும் நியூயோர்க்கில் இசைத்தவரின் வாத்தியத்தையும் தாங்கியது நம் அயல்நாட்டுக் காட்டின் அரக்கேயாம்.

1902ஆம் ஆண்டில் பிரெட் கெய்ஸ்பர்க் என்னும் ஒலிப்பதிவாளர் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜான் என்னும் பாடகியாரின் குரலைப் பதிந்தார். பாட்டின் முடிவில் அவ்வம்மையார் தம் பெயரைத் தாமே உரத்துக் கூறுவதை அத்தட்டுகளில் இன்றும் கேட்கலாம். அக்காலத்தில் மூலப்பதிவுகள் ஜெர்மனியின் ஹனோவர் நகருக்கு அனுப்பப்பட்டு அங்கேயே தட்டாக வார்க்கப்பட்டன. பாடியவர் இன்னார் என அங்குள்ளோர் அறிதற்கு இவ்வறிவிப்பு உதவிற்று. 1908இல் கல்கத்தாவின் சியால்தாவிலேயே தட்டு வார்க்கும் தொழிற்சாலை இயங்கலாயிற்று. அதன்பின் தென்னாட்டு இசையும் நாடகமும் பெருவாரியாகத் தட்டேறின. 1930களிற் சென்னையில் ஏ. வி. மெய்யப்பனார் பங்காளியாயிருந்த சரஸ்வதி ஸ்டோர்ஸ் ஓடியன் தட்டுகளை வெளியிட்டது. முழு நாடகங்களும் பல தட்டுகள் கொண்ட தொகுதிகளாக வந்தன.

இதன் பயனை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். நாடக மேடையிற் புகழ்பெற்ற எஸ். ஜி. கிட்டப்பா 1933ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், முப்பது வயது நிரம்பாமலே காலமானார். அவர் பேசும்படம் எதிலும் நடித்தாரல்லர். அவர் குரல் எத்தகையது என்று இன்று ஒருவர் அறிய விரும்பின், அரக்குத் தட்டன்றி வேறு சான்றில்லை. அத்தட்டுகளும் உடைந்து, அவற்றைப் படிக்கும் பொறிகளும் அழிந்திருப்பின், கிட்டப்பாவும் பாணரைப்போற் பெயராக மட்டுமே எஞ்சியிருப்பார்.

நம் கரையில் இசைத்தட்டு

இலங்கையின் வானொலி வரலாறே இசைத்தட்டோடு தொடங்கிற்று என்பது பலர் அறியாதது. தந்தித் திணைக்களப் பொறியியலாளர் எட்வேட் ஹார்ப்பர் 1923இற் கொழும்பு மத்திய தந்தி நிலையத்தினின்றும் பரிசோதனையாக ஒலிபரப்பியது கிராமபோன் இசையையே. 1925ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் ஒழுங்கான ஒலிபரப்புத் தொடங்கிற்று. 1949இல் றேடியோ சிலோன் என்னும் பெயரும், 1967இற் கூட்டுத்தாபன அமைப்பும் பெற்ற அந்நிலையத்தின் தமிழ்ச் சேவை, இசைத்தட்டுகளைச் சுழற்றியே கடல்கடந்தும் நேயர்களைப் பெற்றது.

மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பகுதியாயிருந்து 1961இல் அம்பாறை மாவட்டமாகப் பிரிந்த நம் கரையோரத்தில், இசைத்தட்டு வீட்டுப் பொருளாக இருந்ததிலும் ஊர்ப் பொருளாக இருந்ததே மிகுதி. பொறியும் ஒலிபெருக்கியும் வைத்திருந்தவர் வாடகைக்குக் கொண்டுவந்து, தென்னையின் உச்சியிற் புனல்போன்ற குழலைக் கட்டுவார். பாண்டிருப்புத் திரௌபதையம்மன் கோவிலின் பதினெட்டு நாட் சடங்கு ஆகட்டும், கல்முனைக் கடற்கரைப் பள்ளிவாசலின் பன்னிரண்டு நாட் கொடியேற்று விழா ஆகட்டும், கலியாண வீடு ஆகட்டும், விழா உண்டென்பதை ஊருக்கு முதலில் அறிவித்தது அக்குழலே.

இதிற் சிந்திக்கத்தக்கது ஒன்றுண்டு. பாண்டிருப்பும் மருதமுனையும் அடுத்தடுத்த ஊர்கள். காரைதீவும் மாளிகைக்காடும் சாய்ந்தமருதும் அவ்வாறே. தென்னையின் உச்சியினின்று எழும் பாட்டுக்கு ஊரெல்லை தெரியாது. நாகூர் ஈ. எம். ஹனிபாவின் கணீரென்ற குரலைத் தமிழர் வீட்டுத் திண்ணைகளும் கேட்டன. சீர்காழி கோவிந்தராஜனின் பத்திப் பாடல்களை முஸ்லிம் வீட்டு முற்றங்களும் கேட்டன. ஒரு கரையில் வாழ்ந்த இரு சமூகத்தாரும், ஒருவர் மற்றவரின் வழிபாட்டு மொழியைச் செவிவழியாகக் கற்ற பள்ளிக்கூடம் அதுவென்றால் மிகையாகாது. பிற்காலத்துப் பிணக்குகளும் போரும் அப்பள்ளிக்கூடத்தின் கதவைப் பல்லாண்டு அடைத்துவைத்தன. ஆதலால், நம் கரையிற் பழைய பொறியொன்றைப் புதுக்குதல் வெறும் பொழுதுபோக்கன்று.

அழிவும் நம்மை விட்டுவைக்கவில்லை. 1978 நவம்பர் 23ஆம் நாட் சூறாவளியிற் கூரைகள் பறந்து, வீட்டுப் பொருள்கள் மழையில் ஊறின. 2004 டிசம்பர் 26ஆம் நாட் கடற்கோள் கரையோரத் தெருக்களையே துடைத்துச் சென்றது. உயிர்களை இழந்த துயரின் முன் தட்டும் பொறியும் பெரியனவல்ல. ஆயினும், பிழைத்த வீடுகளில் எஞ்சியுள்ள சிலவற்றையேனும் இனிமேல் நம் கவனக்குறைவால் இழத்தல் தகாது.

பொறியின் வகைகள்

புதுக்க முற்படுவோர் முதலில் அறியவேண்டுவது, தம் கையிலுள்ள பொறி எவ்வகையினது என்பதாம். வகை நான்கு எனக் கொள்ளலாம்.

முதலாவது, சாவிகொடுத்து இயக்கும் கிராமபோன். மின்சாரம் வேண்டாதது. சுருட்டிய உருக்குவில் விரியும் விசையால் தட்டுச் சுழல, ஊசியின் அதிர்வை மெல்லிய அப்பிரகத் தகடோ அலுமினியத் தகடோ ஏற்றுக் குழல்வழியே பெருக்கும். எச். எம். வி. நிறுவனத்தின் 102 என்னும் கைப்பெட்டிவகை 1931இல் வெளிவந்து, இந்தியாவிலும் இலங்கையிலும் பரவலாக வழங்கியது.

இரண்டாவது, மின்மோட்டரின் தண்டுக்கும் தட்டின் உள்விளிம்புக்கும் இடையே இறப்பர்ச் சில்லொன்று நின்று சுழற்றும் வகை. இங்கிலாந்தின் சுவிண்டன் நகரில் 1954 முதல் ஆக்கப்பட்ட கராட் 301, அதன் பின்னோனாகிய 1965ஆம் ஆண்டின் 401 என்பன இவ்வகையின் சிறந்த மாதிரிகள். சிறிய வீட்டுப் பொறிகளிற் பெரும்பாலானவையும் இச்சில்லாலேயே இயங்கின.

மூன்றாவது, இறப்பர்ப் பட்டியாற் சுழல்வது. மோட்டரின் நடுக்கம் ஊசிக்கு எட்டாவண்ணம் பட்டி அதனை விழுங்கிவிடும். நான்காவது, தட்டின் அச்சே மோட்டரின் அச்சாகிய நேர்முக வகை. ஜப்பானியரின் ரெக்னிக்ஸ் எஸ்.எல். 1200 என்னும் பொறி 1972இல் வந்து, 2010இல் ஆக்கம் நிறுத்தப்பட்டு, நேயர் வேண்டுகையால் 2016இல் மீண்டும் வரலாயிற்று. இவ்வேண்டுகை எத்துணை வலியதென்பதற்கு மற்றுமொரு சான்று: அமெரிக்காவில் 2022ஆம் ஆண்டில் விற்ற வினைல் தட்டுகளின் எண்ணிக்கை, 1987இற்குப் பின் முதன்முறையாகக் குறுந்தட்டுகளின் எண்ணிக்கையை விஞ்சிற்று.

புதுக்கும் முறை

வைத்தியர் நோயை நாடியபின்னரே மருந்தை நாடுவார். பொறியைப் புதுக்குவோருக்கும் அதுவே முறை. கிடைத்தவுடன் மின்னிணைப்புக் கொடுத்துப் பார்க்கலாகாது. முதலிற் பல கோணங்களிற் படம் எடுத்துக்கொள்க. கழற்றும் ஒவ்வோர் ஆணியையும் அதனதன் இடம் குறித்த தாளில் ஒட்டிவைக்க. பழைய வயர்களின் உறை கைபட்டாலே உதிரக்கூடும். அவற்றையும் முதிர்ந்த மின்தேக்கிகளையும் அறிந்த மின்தொழிலாளியைக் கொண்டு மாற்றியபின்னரே மின்சாரம் ஊட்டத்தக்கது.

சாவிப்பொறியாயின் மற்றோர் எச்சரிக்கை உண்டு. முறுக்கிய வில்லை முற்றாகத் தளரவிட்ட பின்பே அதன் கூட்டைத் திறத்தல் வேண்டும். இறுகிய வில் சீறிப் பாய்ந்தால் கையைக் கிழித்துவிடும். பல்லாண்டு கிடந்த கிறீஸ் அரக்குப்போல் உறைந்திருக்கும்; அதனை மண்ணெண்ணெயாற் கழுவி, உலர்த்தி, காரீயப்பொடி கலந்த புதுக் கிறீசை இடுக. வேகத்தைக் கட்டுப்படுத்தும் மூன்று சிறு குண்டுகளும் அவற்றைத் தாங்கும் மெல்லிய தகடுகளும் முறியாதிருக்கின்றனவா என நோக்குக. ஒலித்தகட்டைச் சூழ்ந்த இறப்பர் வளையம் கல்லாய் இறுகியிருப்பின் ஓசை கரகரக்கும்; மென்மையான இறப்பர்க் குழாயை அளவாய் நறுக்கி அவ்விடத்தில் வைக்கலாம்.

மின்பொறியில் நேரும் நோய்கள் பெரும்பாலும் மூன்று. ஒன்று, எண்ணெய் வற்றி அச்சு இறுகுதல். தட்டை மெதுவாகத் தூக்கி எடுத்து, அச்சையும் அது நிற்கும் குழியையும் துடைத்து, குழியின் அடியிலுள்ள சிறு குண்டு தவறிவிடாது காத்து, தையல் மெசினுக்கு இடும் மெல்லிய எண்ணெயைச் சில துளி இட்டாற் பல பொறிகள் உயிர்பெற்றுவிடும். இரண்டு, இறப்பர்ச் சில்லுத் தட்டையாதல். நெடுங்காலம் மோட்டர்த் தண்டோடு அழுந்தி நின்ற இடத்தில் வடு விழுந்து, சுற்றுக்கு ஒருமுறை குடுகுடுவென ஒலிக்கும். சில்லைச் சுழலவிட்டு நுண்ணிய அரத்தாளால் மெல்லத் தேய்த்து வட்டமாக்குக. சில்லிலும் தண்டிலும் எண்ணெய் ஒரு துளியும் படலாகாது, பட்டால் வழுக்கும். மூன்று, நம் கரைக்கே உரிய உப்புக்காற்றின் துரு. கடல்நீர் பட்ட உலோக உறுப்பை உலர்த்துமுன் நன்னீரிற் பலமுறை கழுவுதல் வேண்டும். உப்பை உள்ளே வைத்து உலர்த்தின் துரு ஓயாது தின்னும்.

எமது மாணவர் சிலர் ஆசிரியர் மேற்பார்வையில் இவ்வாறு ஒரு பொறியைப் புதுக்கினர். அது பழைய மாணவர் ஒருவரின் வீட்டில் அரிசி மூடைகளின் பின்னாற் கிடந்தது. சில்லைத் தேய்த்து, அச்சுக்கு எண்ணெயிட்டு, ஊசியை மாற்றியதோடு அது சுழன்றது. முதல் நாள் ஹனிபாவின் தட்டொன்றை வைத்தபோது, மதிலுக்கப்பால் தேங்காய் உரித்துக்கொண்டிருந்த முதியவர் உள்ளே வந்து, “தம்பிமாரே, இந்தச் சத்தத்தை நான் கேட்டு நாற்பது வருசமாச்சு, வாப்பாட கலியாணப் பெட்டியில இப்பிடித்தான் கேக்கும்” என்றார். அவர் தம் இளமையில் ஒலிபெருக்கிக்காரரோடு கொடியேற்றுக்கும் தீமிதிப்புக்கும் சென்று தட்டு மாற்றிய கதைகளை அன்று மாலைவரை மாணவர் குறித்துக்கொண்டனர். அக்குறிப்பு பொறியினும் விலைமதிப்புடையது.

வேகமும் சுருதியும்

இசைத்தட்டுப் பொறியின் அறம் அதன் வேகத்தில் நிற்கின்றது. வேகம் பிழைத்தாற் சுருதி பிழைக்கும். சுருதி பிழைத்தால் பாடியவர்மீது நாம் பொய்ச்சான்று கூறியவராவோம்.

அரக்குத் தட்டு நிமிடத்துக்கு ஏறக்குறைய 78 முறையும், 1948இல் அமெரிக்கக் கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட நெடுந்தட்டு 33⅓ முறையும், 1949இல் ஆர்.சி.ஏ. விக்டர் நிறுவனம் வெளியிட்ட சிறுதட்டு 45 முறையும் சுழல வேண்டும். பின்னிரண்டும் வினைல் என்னும் செயற்கைப் பொருளாலானவை. மேனாட்டில் 78 சுற்றுத் தட்டு மறைந்த பின்னும் இந்தியாவில் அது நீடித்தது. பீற்றில்ஸ் குழுவினரின் பாடல்களும் 1960களின் நடுப்பகுதிவரை அங்கே 78 சுற்றுத் தட்டாக வந்தன. ஆதலால் நம் நாட்டிற் கிடைக்கும் தொகுதிக்கு மூன்று வேகமும் உடைய பொறியே ஏற்றது.

வேகத்தைச் சோதிக்க எளிய வழி, தட்டின் விளிம்பில் ஒரு தாள் துண்டை ஒட்டிச் சுற்றுக்களை எண்ணுதல். நெடுந்தட்டு மூன்று நிமிடத்திற் சரியாக 100 சுற்றுச் சுற்றவேண்டும். இதனினும் நுண்ணிய வழி, கோடுகள் வரைந்த வட்டத்தாளைச் சுழலவிட்டு மின்விளக்கின் ஒளியில் நோக்குதல். நம் நாட்டு மின்னோட்டம் செக்கனுக்கு 50 அலைவுடையது. ஆதலால் குழல்விளக்கு செக்கனுக்கு 100 முறை மினுங்கும். நிமிடத்துக்கு 6000 மினுக்கம். அதனை 33⅓ ஆல் வகுக்க 180 வரும். 180 கோடுகள் சமதூரத்தில் வரைந்த தாள் சரியான வேகத்தில் அசையாது நிற்பதுபோல் தோன்றும். 78 சுற்றுக்கு 77 கோடுகள் வரைதல் வேண்டும். எல்.ஈ.டி. விளக்குகள் சிலவற்றின் ஒளியில் இச்சோதனை பலிக்காது என்பதை நினைவிற் கொள்க.

வெளிநாட்டிலிருந்து பொறி கொண்டுவருவோர் இங்கு ஓர் இடரை எதிர்கொள்வர். நம் ஊர்களினின்றும் தொழில்தேடிச் சென்றோர் பலர் சவூதி அரேபியாவிலும், புலம்பெயர்ந்தோர் பலர் கனடாவிலும் உள்ளனர். அவ்விரு நாட்டு மின்னோட்டமும் 60 அலைவுடையது. அந்நாட்டுக்கென அமைந்த பழைய மோட்டர் இங்கே ஆறிலைந்து பங்கு வேகத்தோடு சுழலும். 78 ஆகவேண்டியது 65 ஆகும். கனடாப் பொறி 120 வோல்ற்றுக்கு உரியதாதலின், நம் 230 வோல்ற்றில் நேரே இணைத்தால் எரிந்தும் போகும். மின்னழுத்தத்தை மாற்றும் பெட்டி அலைவை மாற்றாது. மோட்டர்த் தண்டின் கப்பியையும் 50 அலைவுக்குரியதாக மாற்றுதல் வேண்டும்.

இவ்விடத்தில் இசை கற்கும் மாணவர்க்கு ஒரு கணக்கு. ஆறுக்கு ஐந்து என்னும் விகிதம் எச்சுரத்தைக் குறிக்கும்? சட்சத்துக்கும் சாதாரண காந்தாரத்துக்கும் உள்ள உறவே அது. எனவே அப்பொறியில் ஐந்து கட்டையிற் பாடியவர் மூன்று கட்டையிற் பாடுவதாகக் கேட்கும். பெண்குரல் ஆண்குரலின் சாயல் பெறும். துரித காலம் சௌக்கமாகும். பாடகரின் குரல்வளம் இவ்வளவுதான் என்று கேட்பவர் தீர்ப்பளித்துவிடுவர்.

ஊசியும் தட்டும்

தட்டின் ஒரு பக்கத்தில் உள்ளது ஒரே பள்ளம். விளிம்பிற் தொடங்கி நடுவை நோக்கிச் சுருளும் அதனை நீட்டிப் பிடித்தால், 22 நிமிட நெடுந்தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய அரைக் கிலோமீற்றர் நீளும். அவ்வழியே நடக்கும் ஊசியின் முனை பள்ளத்துக்கு ஏற்றதாயிருத்தல் வேண்டும். 78 சுற்றுத் தட்டின் அகன்ற பள்ளத்துக்கு ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு அளவுடைய முனையும், நெடுந்தட்டுக்கு ஆயிரத்தில் ஒரு பங்கோ அதனிற் சிறிதோ ஆன முனையும் தகும். பெரிய பள்ளத்திற் சிறிய ஊசி அடியிற் புரண்டு குப்பையை வாரும். சிறிய பள்ளத்திற் பெரிய ஊசி சுவரை இடிக்கும்.

சாவிப்பொறியின் ஒலித்தலை நூறு கிராமுக்கும் மேலான பாரத்தோடு தட்டில் அழுந்துவது. நல்ல மின்பொறியின் ஊசிக்கு வேண்டும் பாரம் இரண்டு கிராம் அளவே. ஆகவே வினைல் தட்டைச் சாவிப்பொறியில் வைத்தல், ஓலைச்சுவடியை உழவுமாட்டின் காலடியில் விரிப்பதற்கு ஒப்பாகும். சாவிப்பொறியில் உருக்கு ஊசியை ஒரு பக்கத்துக்கு ஒன்றாக மாற்றுவதே வழக்கு. 1950, 60களின் சில மின்பொறிகளின் ஊசித்தலையில் ஒருவகை உப்புப் பளிங்கு இருக்கும்; அது நம் கரையின் ஈரக்காற்றை உறிஞ்சிச் செயலற்றுவிடும். அத்தகையதை வெண்களி வகையால் மாற்றுக.

தட்டைத் துலக்குதலிலும் விதி உண்டு. வினைல் தட்டைச் சுத்தநீரும் மிகச் சிறிதளவு மென்சவர்க்காரமும் கொண்டு, பள்ளத்தின் போக்கிலேயே மென்றுணியால் துடைத்து உலர்த்தலாம். அரக்குத் தட்டில் மதுசாரமோ ஸ்பிரிட்டோ ஒருபோதும் படலாகாது. அரக்கு அதிற் கரைந்துவிடும். அதனோடு குரலும் கரைந்துவிடும். எந்தத் தட்டையும் ஒன்றன்மேலொன்றாக அடுக்காது, புத்தகம்போல் நிமிர்த்தி வைக்க. வெயில் படும் சுவரோரமும் தகரக்கூரையின் கீழ்ப்பறணும் வினைலை வளைத்துவிடும். பூஞ்சணம் பிடித்த உறையை வேறாக எடுத்து வைக்க; ஆனால் எறியற்க. அதிலுள்ள எழுத்தும் கடையின் முத்திரையும் வரலாறாகும்.

சேகரிப்போர் கடன்

சேகரித்தல் வேறு, குவித்தல் வேறு. தட்டின் நடுத்தாளிலுள்ள இலக்கமும், அதனைச் சூழ்ந்த வெற்றிடத்திற் பொறித்துள்ள மூலவிலக்கமும் குறிக்கப்படாத தொகுதி, பெயர்ப்பட்டியல் இல்லாத நூலகம் போன்றது. அவுஸ்திரேலியரான மைக்கேல் கின்னியர் இந்தியாவின் முதற் பதிவுகளை இவ்விலக்கங்களைக் கொண்டே வரிசைப்படுத்தி நூலாக்கினார். 1990இல் மும்பையிற் தோன்றிய இந்திய இசைத்தட்டுச் சேகரிப்போர் சங்கமும் இவ்வழியே தொண்டாற்றியது. சென்னையில் வி. ஏ. கே. ரங்காராவ் பல்லாயிரம் தட்டுகளைத் திரட்டிப் பாடல்களின் வரலாற்றை எழுதினார். கேரளத்துக் கோட்டயம் மாவட்டத்திற் பிளாசனால் என்னும் சிற்றூரில், சன்னி மாத்யூ என்பார் தாம் தேடிய பொறிகளையும் தட்டுகளையும் கொண்டு 2015இற் காட்சிச்சாலை ஒன்று அமைத்தார். இவை பெருநகரின் பெருஞ்செல்வர்க்கே இயலுவன அல்ல என்பதற்கு அச்சிற்றூரே சான்று.

விலைகொடுத்து வாங்குவோர் ஒன்றிற் கவனமாயிருக்க. பளபளக்கும் பித்தளைக் குழலும், எண்கோணப் பெட்டியும், கிராமபோனை உற்றுக்கேட்கும் நாயின் படமும் கொண்ட புதுப்பொறிகள் பழையன என்று கடைவீதிகளில் விற்கப்படுகின்றன. அவை அலங்காரத்துக்கே உதவும். உண்மைப் பழம்பொறியையோ, அளவு கடந்து மெருகிட்டுப் புதிதுபோலாக்குதல் அதன் வயதை அழிப்பதாகும். ஓடவேண்டியதை ஓடச் செய்க. எஞ்சியதை இருந்தபடி இருக்கவிடுக.

கைப்பேசியில் வேண்டிய பாட்டெல்லாம் கிடைக்கும்போது இத்துணை உழைப்பு எதற்கு எனச் சிலர் வினவலாம். நல்ல வினாவே. ஆயின், கைப்பேசியில் வரும் பழம்பாட்டும் யாரோ ஒருவர் ஏதோ ஒரு பொறியில் ஒரு தட்டைச் சுழற்றி எடுத்த படியே. அவர் வேகம் பிழைத்திருந்தால் உலகமுழுவதும் அப்பிழையையே கேட்கும். ஏட்டைக் காணாது அச்சுப்பிரதியை மட்டும் கொண்டு பாடபேதம் தீர்க்க இயலுமா? மேலும், படியெடுக்கப்படாத தட்டுகள் இன்னும் உள்ளன. அவை ஒருகால் நம் வீட்டிலேயே இருக்கக்கூடும்.

இவ்வகை முயற்சிக்கு நம் மண்ணிலேயே முன்மாதிரி உண்டு. 1892இற் காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள், வழக்கொழிந்த யாழை நூற்சான்றாலும் கணித விகிதங்களாலும் மீட்டெடுக்கப் பல்லாண்டு உழைத்து, 1947இல் யாழ்நூலை வெளியிட்டு, அவ்வாண்டு ஜூலை மாதத்திலேயே மறைந்தார். தமிழ்ப்புலமையும் விஞ்ஞானக் கல்வியும் ஒருவரிடத்தில் ஒன்றுசேர்ந்தமையால் விளைந்த நூல் அது. அடிகளுக்கு ஓசையின் சுவடு ஒன்றும் கிடைக்கவில்லை. சொற்களும் எண்களும் மட்டுமே கிடைத்தன. நமக்கோ ஓசையே கிடைத்திருக்கின்றது. வேண்டுவது ஒரு துளி எண்ணெயும் சிறிது பொறுமையுமே.

ஆதலின், பழைய மாணவ அன்பர்காள், நும் இல்லங்களின் பின்னறைகளைத் திறந்து பாருங்கள். பழைய இரும்பு வாங்குவோரிடம் கொடுக்குமுன் பொறியின் பெயரையும் இலக்கத்தையும் ஒருமுறை படியுங்கள். தட்டுகள் இருப்பின் நடுத்தாளைப் படமெடுங்கள். அவற்றை வாங்கியவர் யார், எவ்விழாவிற் சுழன்றன, அயலார் எவர் வந்து கேட்டனர் என வீட்டு முதியோரிடம் கேட்டு எழுதுங்கள். முதியோரின் நினைவுக்கு மறுபதிப்பில்லை. அதனை முதலிற் செய்யுங்கள். மாணவர்காள், பொறியியல் விரும்புவோர் சில்லையும் அச்சையும் கவனியுங்கள். இசை விரும்புவோர் சுருதியைக் கவனியுங்கள். தமிழ் விரும்புவோர் பட்டியலை எழுதுங்கள். பாண்டிருப்பிற் கிடைத்த தட்டும் மருதமுனையிற் கிடைத்த தட்டும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து நிற்கட்டும். அக்காலத்தில் அவை ஒரே காற்றில் ஒலித்தவையே.

கல்லூரித் தாய் நீடு வாழ்க.